குரக்கனுக்கு இவ்வளவு விலையா?

கேள்வி: உப்புவெளியில் உள்ள விடுதியொன்று, நம் மாவட்டத்தில் விளைந்த நெல்லையும் சிறுதானியங்களையும் கொண்டு, ஏழு சிறு தட்டுகளாகப் பரிமாறும் இராவிருந்து ஒன்றைப் பங்குனியில் நடத்துகிறது. எங்கள் இருவருக்கும் இடம் பதிந்து தருவதாக மகள் சொல்கிறாள். குரக்கனுக்கு இவ்வளவு விலையா என்று என் கணவர் முணுமுணுத்தாலும், நீரிழிவுக்காரர் என்பதால் அங்கே பயமின்றிச் சாப்பிடலாம் என்றும் எண்ணுகிறார். போகலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: போகலாம், சகோதரி. ஆனால் இடம் பதிய முன்னர், அரிசியின் பெயர் என்ன, எந்த வயலில் விளைந்தது, எப்போது வெட்டியது என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இத்தகைய விருந்தொன்றுக்கு நானும் போயிருந்தேன். பட்டியலில் 'பாரம்பரியச் சிவப்பரிசி' என்று அச்சிட்டிருந்தார்கள். பரிமாறிய தம்பியிடம் பெயரைக் கேட்டபோது, உள்ளே போய் விசாரித்து வந்து, "எச் நாலு, ஐயா" என்றார். எச் நாலு, 1950களின் பிற்பகுதியில், முருங்கைக்காயன் என்ற நம் பழைய நெல்லையும் மாஸ் என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய இனம். நல்ல அரிசிதான், சோறும் ருசியாகவே இருந்தது. அதன் உண்மையான பெயரையே அச்சிட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். நம் கமக்காரர் இன்று பெரும்பாலும் விதைப்பவையும் எண்ணால் அறியப்படும் நெல்லினங்களே: பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பீ.ஜீ. 300 என்றால் மூன்று மாதப் பயிர், 352 என்றால் மூன்றரை மாதம், நானூறில் தொடங்கினால் நான்கு மாதம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பங்குனி என்பது நல்ல தேர்வு. பெரும்போக வெட்டு அதற்குள் ஏறக்குறைய முடிந்து, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களின் புதுநெல் குற்றலுக்குப் போயிருக்கும். புத்தரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகையால் அன்று கஞ்சி, பாற்சோறு, பொங்கல் ஆகியன வந்தால் சமையற்காரர் காலம் அறிந்தவர் என்று கொள்ளலாம். உதிரி உதிரியான சோற்றைக் காட்டி 'நேற்று வெட்டிய நெல்' என்றால் சற்று ஐயப்படலாம்.

விலையைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. மழையை நம்பி, காடு வெட்டித் திருத்திய சேனை நிலத்தில் விதைக்கும் குரக்கனின் கதிர்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதைப் பார்த்துப் பார்த்துச் சிறு கத்தியால் கொய்ய வேண்டும். பிறகு உலர்த்தி, அடித்து, புடைத்து, கழுவிக் கல் அரித்து, மீண்டும் காயவைத்தே மாவாக்க வேண்டும். நான் போன விருந்தில் இரண்டாம் தட்டில் வந்த குரக்கன் ரொட்டி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து ஓரம் முறுகச் சுட்டது. மணம் மூக்கைத் துளைத்தது, ஆனால் முதற் கடியிலேயே பல்லில் மணல் நெரிந்தது. அரிகஞ்சட்டியில் நாலு முறை அரித்தெடுக்கும் எங்கள் அம்மாவின் பொறுமையை அந்தக் குசினியில் எவரும் காசு கொடுத்து வாங்கவில்லை போலும். விலை உழைப்புக்கு என்றால் அந்த உழைப்பு தட்டில் தெரியவேண்டும்.

நீரிழிவு பற்றி அவர் எண்ணுவது தவறு. குரக்கனில் கல்சியம் அரிசியைவிடப் பன்மடங்கு அதிகம், நார்ச்சத்தும் உண்டு. எனினும் 100 கிராமில் 70 கிராம் அளவுக்கு மாச்சத்தே இருக்கிறது. நைசாக அரைத்த மாவில் செய்த களியும் கூழும் விரைவில் செரித்துச் சீனியை ஏற்றிவிடும். முழுத் தானியமாகவோ கொரகொரப்பாக அரைத்தோ, பயறு, மீன், கீரையோடு உண்டால் ஏற்றம் மெதுவாகும். ஏழு தட்டும் சிறியவை என்றாலும், ஏழிலும் தானியம் என்றால் கணக்கு ஒரு கோப்பைச் சோற்றைத் தாண்டிவிடும். மருத்துவர் சொன்ன நேரத்தில் மாத்திரையை எடுக்கட்டும், மீன் கறியை நிறையவே உண்ணட்டும். பாற்சோற்றையும் கடைசியில் வரும் இனிப்பையும் மட்டும் பேச்சோடு பேச்சாக உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.