பொடியனுக்கு யார் சொல்வது? பதின்வயது கேள்வி-பதில்

கல்லடி, ஒரு தாய்: மகன் காதலிக்கிறான். என்ன செய்வது?

வயது? எத்தனையாம் தரம்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் சாத்திரம்தான் சொல்ல வேண்டும். வயதை எழுதுங்கள் என்று எத்தனை தரம் கேட்பது! அதுவரை அடிக்காதீர்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள்.

அக்கரைப்பற்று, தந்தை: பருவம், பாலியல் பற்றியெல்லாம் பிள்ளைகளோடு பேசினால் நாமே தூண்டிவிட்டதாகாதா?

ஆகாது. யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளை அலசிச் சொன்னது: சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் உடலுறவுக்கு முந்திக்கொள்வதில்லை.

செங்கலடி, தரம் 10 மாணவி: ரியூசனில் பழகுபவர் என் பேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்கிறார். தராவிட்டால் அன்பில்லையாம்.

கொடுக்காதீங்க மகள். இன்றைக்கு பாஸ்வேர்ட், நாளைக்கு யாரோடு கதைக்கலாம், எந்தச் சட்டை போடலாம். "ஏலாது" என்றதும் கோபித்தால் இருக்கட்டும். மிரட்டினால் விலகிவிடுங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி, தாய்: மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? (13 வயதில் ஒரு பொடியனும் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தேவையில்லை.)

அடைப்புக்குள் போட்ட பொடியனிலிருந்தே தொடங்குகிறேன். மகளின் சாமத்திய வீட்டுக்குப் பந்தல், வீடியோ, ஊர்ச்சனம் எல்லாம் வரும். முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க மாமிமார், புத்தி சொல்ல ஆச்சி. அதே வீட்டில் பொடியனுக்குக் குரல் உடைகிறது. நித்திரையில் விந்து வெளியாக, ஏதோ வருத்தம் என்று பயந்து, விடியமுன் கிணற்றடியில் தானே விரிப்பைக் கழுவுகிறான். ஒருவரும் வாய்திறப்பதில்லை. பிறகு கூட்டாளியின் போன்தான் அவனுக்கு வாத்தியார். ஒரு பிள்ளை விருப்பமில்லை என்றால் சைக்கிளில் பின்னால் போகக்கூடாது, கூட்டாளியைத் தூதுவிடக்கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? பிறகு ஊர் கூடி மகளைத்தான் வீட்டுக்குள் வைக்கும்.

ஆண்பிள்ளைக்கு 9 முதல் 14 வயதுக்குள் பருவம் தொடங்கும், நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். தகப்பன் பேசட்டும், கூச்சமென்றால் தாய்மாமன். மோட்டார் சைக்கிளில் போகும்போது பேசினால் முகம் பார்க்கத் தேவையில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். மகளுக்கும் அதே பாடம்தான்: வேண்டாம் என்று சொல்லவும் தெரியவேண்டும், மற்றவர் சொன்னால் கேட்கவும் தெரியவேண்டும்.

வாழைச்சேனை: மகளுக்கு 15, அவருக்கு 22. இருவருக்கும் விருப்பம்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 1995 திருத்தத்தின்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உடலுறவுக்குச் சம்மதித்தாலும் அது குற்றம்தான். அவரை நிறுத்துங்கள், மகளின் பள்ளியை அல்ல.

தம்பிலுவில்: 16 வயது மகளின் படத்தைப் பரப்புவதாக ஒருவன் மிரட்டுகிறான். காசு கொடுத்து முடிக்கலாமா?

முடியாது, திரும்பவும் கேட்பான். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவைத்து, சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழையுங்கள். அதற்கு முன், அடி விழாது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். மிச்சக் கதை அப்போதுதான் வரும்.