அம்மாவைக் கொன்ற நோயை நான் ஆராயலாமா?

அன்புள்ள டாக்டருக்கு,

பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்து, ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்கி, சென்னையில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணுதான் தலைப்பு. நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மா இந்த நோயில்தான் போனார், வயது 44. இதைத்தான் படிப்பேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

இப்போது எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுசெல்களை லேப்பில் வளர்க்கிறேன். 1970-இல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுத்தவை. அவர் போய்விட்டார், அவருடைய புற்றுசெல்கள் என் இன்குபேட்டரில் பெருகுகின்றன. செல்களுக்கு உணவான மீடியா திரவம் மஞ்சளாக மாறினால் புதிதாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போதெல்லாம், ‘அம்மாவைக் கொன்றதுக்கே சோறு போடுகிறாயே’ என்று உள்ளே ஒரு குரல். தினமும் குளிக்கும்போது கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். லேப்பிலேயே என் டிஎன்ஏவைப் பார்த்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. போன வருஷம் அம்மாவின் தங்கைக்கும் இதே நோய்; சிகிச்சையில் இருக்கிறார். அப்பா, “வேற சப்ஜெக்ட் மாத்திக்கோம்மா” என்கிறார். விட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறதா, அம்மாவின் நோய் எனக்கும் வருமா என்று இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். உங்கள் மாதிரியை லேப்பில் போடவே போடாதீர்கள். ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்தால் அதை விளக்க அங்கே யாரும் இல்லை. புற்றுநோய் மருத்துவமனையில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். சோதனையைச் சித்தியிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அவரிடம் பிஆர்சிஏ மாற்றம் இருந்து, அதே மாற்றம் உங்களிடம் இல்லையென்றால், அந்த நிம்மதியை நம்பலாம். உங்களை மட்டும் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அது பாதி பதில்தான். மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. ஆனால் அக்கா தங்கை இருவருக்கும் வந்திருப்பதால் உங்கள் பயத்தை வெறும் பிரமை என்று நான் தள்ள மாட்டேன். அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்திருந்தாலும் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்திருந்தால் 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ மூலம் கண்காணிக்க வழி இருக்கிறது.

இனி ஆய்வு. அதை அம்மாவுக்கான விரதமாக எடுத்துக்கொண்டால், புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை விழாத நாளெல்லாம் விரதம் முறிந்த நாளாகிவிடும். பட்டை விழாத நாள்கள்தான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1974-இல் தேடத் தொடங்கி, பிஆர்சிஏ1 மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-இல்தான் காட்டினார். 1994-இல் அதைப் பிரித்தெடுத்தது வேறொரு குழு. சபதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்ட முடியாது.

அம்மாவின் நினைவே வராமல், ஒரு ரிசல்ட்டுக்காக ஆவலோடு காத்திருந்த நாள் உண்டா? உண்டென்றால் தொடருங்கள். இல்லையென்றால் கைடிடம் பேசி வேறு மரபணுவுக்கு மாறுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. எனக்கென்னவோ நீங்கள் தொடர்வீர்கள் என்றுதான் படுகிறது. பிடிக்காத வேலையென்றால் செல்லின் பூர்வீகத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை.

அப்பாவோடு வாதாட வேண்டாம். மனைவியைப் பறிகொடுத்தவர், மகளையும் எண்ணிப் பயப்படுகிறார். ஆலோசகரிடம் போகும்போது சித்தியோடு அவரையும் அழைத்துப் போங்கள். கட்டி தேடுவதை மாதம் ஒருமுறையோடு நிறுத்துங்கள். அதற்கும் மனசு கேட்காமல் தூக்கம் கெட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.