டாட் ஐடியா, டாட் விஎஸ்கோட்: கிட்டுக்குள்ளே எது, வெளியே எது?

கேள்வி: எங்க டீம்ல எல்லாருக்கும் இன்டெல்லிஜே எடிட்டர்தான், கோட் மாற்றங்களைப் பதிவு பண்ண கிட். எடிட்டர் தன் செட்டிங்ஸை வைக்கிற டாட் ஐடியா ஃபோல்டரை மொத்தமா கிட்இக்னோர்ல (கிட் சேர்க்கக் கூடாத ஃபைல்களோட பட்டியல்) போட்டுடலாமா சார்?

பதில்: மொத்தமா வேண்டாம். கோட்ஸ்டைல்ஸ் (கோட் எழுதற பாணி), இன்ஸ்பெக்‌ஷன்ப்ரொஃபைல்ஸ் (எச்சரிக்கை விதிகள்), ரன்கான்ஃபிகரேஷன்ஸ் (புரோகிராமை ஓட்டற செட்டிங்) மூணும் டீமோட சொத்து, கமிட் பண்ணுங்க, அதாவது கிட்ல பதிவு பண்ணுங்க. வொர்க்ஸ்பேஸ் டாட் எக்ஸ்எம்எல் உங்க சொந்த விஷயம். எந்த டேப் திறந்திருக்கு, கடைசியா எதை ஓட்டினீங்கன்னு எழுதி வெச்சுக்கிட்டே இருக்கும். அது உள்ளே போனா தினமும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்தான் (ரெண்டு பேர் மாற்றங்கள் மோதறது). நீங்க தற்காலிகமா ஒதுக்கி வெச்ச மாற்றங்கள் இருக்கிற ஷெல்ஃப் ஃபோல்டரும் வெளியே. மேவன், கிரேடில் மாதிரி பில்ட் கருவி வெச்ச ப்ராஜெக்ட்னா ஐஎம்எல் ஃபைல்களும் (இன்டெல்லிஜேயோட மாட்யூல் விவரம்) வேண்டாம், இம்போர்ட் பண்ணும்போது தானா வரும். ரன் கான்ஃபிகரேஷனைப் பகிர, அதோட எடிட் விண்டோவில் 'ஸ்டோர் ஆஸ் ப்ராஜெக்ட் ஃபைல்' டிக் பண்ணணும். இல்லைன்னா வொர்க்ஸ்பேஸ் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும்.

கேள்வி: விஎஸ் கோட் எடிட்டரோட டாட் விஎஸ்கோட் ஃபோல்டர்ல, டீபக் செட்டிங் இருக்கிற லாஞ்ச் டாட் ஜேசன் மட்டும் கிட்டுக்குள்ளே போகணும். கிட்இக்னோர்ல ஆச்சரியக்குறி போட்டு விலக்கு எழுதியும் கிட் கண்டுக்க மாட்டேங்குது.

பதில்: மேல் வரியை 'டாட் விஎஸ்கோட் ஸ்லாஷ்'னு முடிச்சிருப்பீங்க. ஃபோல்டரையே ஒதுக்கிட்டா கிட் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது, கீழே எழுதின விலக்கு வீண். ஸ்லாஷுக்குப் பின்னாடி ஒரு ஸ்டார் போடுங்க, சரியாயிடும். லாஞ்ச் டாட் ஜேசன்ல சி டிரைவ்ல ஆரம்பிக்கிற முழுப் பாதை வேண்டாம், திறந்திருக்கிற ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் குறிக்கிற வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர் வேரியபிளை வைங்க. பாஸ்வேர்டும் வேண்டாம். என்விஃபைல்னு தனி ஃபைலைக் காட்டி, அந்த ஃபைலை இக்னோர் பண்ணுங்க.

கேள்வி: இன்டெல்லிஜேயோட வொர்க்ஸ்பேஸ் டாட் எக்ஸ்எம்எல் எப்பவோ கமிட் ஆயிடுச்சு. இக்னோர்ல சேர்த்தும் கிட்டை விட்டுப் போகலை.

பதில்: ஏற்கெனவே ட்ராக் ஆகிற ஃபைலை கிட்இக்னோர் தொடாது. 'கிட் ஆர்எம்' கூட 'கேஷ்ட்' ஆப்ஷன் கொடுத்து கமிட் பண்ணுங்க. உங்க டிஸ்க்ல ஃபைல் இருக்கும். ஆனா மத்தவங்க புல் பண்ணினதும் (புது மாற்றங்களை இறக்கினதும்) அவங்க டிஸ்க்ல அழிஞ்சிடும். முன்கூட்டியே சொல்லி, காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: நான் விம் எடிட்டர் ஆள். எடிட்டர் ஃபைல் எதுவுமே ரெப்போவில் (கிட் களஞ்சியம்) கூடாது. எல்லா எடிட்டருக்கும் பொதுவான எடிட்டர்கான்ஃபிக் செட்டிங் ஃபைல் ஒண்ணு போதுமே?

பதில்: இன்டென்ட், வரி முடிவு, கேரக்டர் செட் வரைக்கும் போதும். இன்டெல்லிஜே அதைத் தானா படிக்கும். விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் வேணும், அதைச் சிபாரிசு பண்ண எக்ஸ்டென்ஷன்ஸ் டாட் ஜேசன் வேணும். ஆக, எடிட்டர் ஃபைல் வந்துடுச்சு!

கேள்வி: (அதே விம் ஆள்) ஃபார்மேட்டை சிஐ (கோட் வந்ததும் தானா சோதிக்கிற அமைப்பு) பார்த்துக்கட்டும்.

பதில்: தீர்ப்பு சிஐயோடதுதான், மறுக்கலை. ஃபார்மேட் கருவி ப்ரெட்டியரோ ஸ்பாட்லெஸ்ஸோ, வெர்ஷனைப் பூட்டி ஓட்டுங்க. வெர்ஷன் மாறினா வரி மடிப்பும் மாறலாம். ஆனா டைப் பண்ணும்போதே சரியா விழறதுக்கு எடிட்டர் செட்டிங் வேணும். சிஐ சிவப்பானப்புறம் திருத்தறது உங்களுக்குப் பிடிச்சா, உங்க பாடு.

கேள்வி: (இன்னொருவர்) எனக்கு மட்டும் ஒரு ஃபைலை இக்னோர் பண்ணணும். திறந்த ஃபைலுக்கு விம் தற்காலிகமா உருவாக்கற ஸ்வாப் ஃபைல் மாதிரி.

பதில்: டாட் கிட்டுக்குள்ளே இன்ஃபோ, அதுக்குள்ளே எக்ஸ்க்ளூட். அங்கே எழுதினா யாருக்கும் போகாது.

கேள்வி: ஆப்பிளோட எக்ஸ்கோட் எடிட்டர்னா?

பதில்: உங்க சொந்த செட்டிங் இருக்கிற எக்ஸ்சியூசர்டேட்டா வெளியே, ப்ராஜெக்ட் விவரம் இருக்கிற பிபிஎக்ஸ்ப்ராஜ் உள்ளே.

கேள்வி: டாட் ஐடியாவை முழுசா இக்னோர் பண்ணலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: டேட்டாபேஸ் யூஆர்எல்லுக்குள்ளேயே பாஸ்வேர்ட் இருந்துச்சு, பொது ரெப்போவுக்குப் புஷ் ஆயிடுச்சு. அந்த வரியை அழிச்சு மறுபடி கமிட் பண்ணிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது. பழைய கமிட்ல அப்படியே இருக்கு. முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, ஹிஸ்டரியைச் சுத்தம் பண்றது அப்புறம்.