அலமாரியைப் படுக்க வையுங்கள், படிப்பு மேசை தயார்

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆன்லைனில் வாங்கி நாங்களே பூட்டிய இரண்டு கதவு அலமாரி ஒன்று இருக்கிறது. ஆறடி உயரம், 30 அங்குல அகலம், 18 அங்குல ஆழம். வீடு மாறும்போது கழற்றி மாட்டியதில் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு கதவு கீல் பிய்ந்து தொங்குகிறது. தச்சரோ, "இது மரமே இல்லை, தூக்கிப் போடுங்கள்" என்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மேசை தேவை. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: மரமில்லை என்பது சரி. தூக்கிப் போட வேண்டும் என்பதுதான் அவசரம். இது பார்ட்டிகிள் போர்டு. பொரி உருண்டையைப் போல, மரச் சீவலையும் தூளையும் பசையில் பிசைந்து அழுத்திய பலகை. திருகாணியை ஒருமுறை கழற்றினால் துளை உதிர்ந்து பெரிதாகிவிடும், இழுவிசையைத் தாங்காது. ஆனால் நேராக மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகவே சுமக்கும்.

ஆகவே அலமாரியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 30 அங்குல அகலம் உயரமாக மாறும். படிப்பு மேசைக்கு வழக்கமான உயரம் அதுதான். நிற்கும்போது தட்டுகளின் சுமை முழுவதும் பலகைகளை மூலையில் இணைக்கும் சிறு பூட்டுகளில் தொங்கியது. படுத்த பிறகு அதே தட்டுகள் கால்களாக நின்று மேற்பலகையைத் தாங்கும். பூட்டுகளுக்கு வேலை குறைந்துவிடும். துணி தொங்கவிட்ட இடம் கால் நீட்டும் இடமாகும்.

தொடங்குமுன் பலகைகளின் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் தச்சர் சொன்னதே சரி. 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் புகுந்தது போல ஒருமுறை நீரில் நின்ற பலகை, காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கரையான் மண் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் முதுகுப் பலகைதான். மூன்று மில்லிமீட்டர் அட்டைதானே என்று யாரும் அதை மதிப்பதில்லை. சட்டம் கோணாமல் நிற்பதே அதனால்தான். கதவுகளைக் கழற்றிவிட்டு, படுக்க வைத்த சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாகும் வரை தட்டிச் சரிசெய்த பிறகு, முதுகைச் சுற்றிலும் நான்கு அங்குலத்துக்கு ஒரு ஆணி அடியுங்கள். பழைய ஆணித் துளைகளில் அடிக்காதீர்கள். தளர்ந்த பூட்டுத் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, மரத்துக்கான வெள்ளைப் பசை தடவிய உருளைக் கட்டையைச் செருகுங்கள். பலகையின் மறுபக்கம் துளை போய்விடாமல் ஆழத்தைக் கவனியுங்கள். ஒருநாள் காய விட்டு, அந்தக் கட்டையிலேயே புதுத் துளை போடலாம்.

அடுத்த சிக்கல், தொய்வு. கால் வைக்கும் இடைவெளி மூன்றடி இருந்தால், புத்தகச் சுமையில் மேற்பலகை வருடத்துக்குள் வளையத் தொடங்கும். பரவலான சுமையில் தொய்வு, இடைவெளியின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும். 36 அங்குலத்தை 27 ஆகக் குறைத்தாலே தொய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதற்கு, பிய்ந்த கதவிலிருந்து இன்னொரு காலை வெட்டிக்கொள்ளுங்கள். பலகை 18 மில்லிமீட்டர் கனமானால் நீளம் 28½ அங்குலம் அளவில் வரும். உள்ளளவைப் பார்த்த பிறகே வெட்டுங்கள். கதவு 15 அங்குல அகலம்தான் இருக்கும், முன்பக்கம் மூன்று அங்குலம் உள்ளே தள்ளி நிற்கட்டும். கீல் குழி விழுந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். மிஞ்சும் எட்டு அங்குலச் சந்து பள்ளிப் பைக்கு வசதி.

இந்தக் காலை எல் வடிவ இரும்புக் கிளாம்பு வைத்துப் பலகையின் முகத்தில் திருகுங்கள். விளிம்பில் திருகினால் பிளக்கும். திருகாணி 15 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், நீளம் கூடினால் மகள் எழுதும் பக்கம் முனை தலைகாட்டும்.

வெட்டும் வேலையைக் கை ரம்பத்தில் செய்ய வேண்டாம். பலகையின் மேல் ஒட்டிய லேமினேட் தாள் சில்லுச் சில்லாகப் பெயரும். பிளைவுட் வெட்டும் மெஷின் உள்ள தச்சுப் பட்டறையில் கொடுங்கள். வெட்டிய விளிம்பை மூட எட்ஜ் பேண்ட் என்ற பட்டையை ஒட்டச் சொல்லுங்கள். அதை மறந்தால் ஐப்பசி மழை ஈரத்தை விளிம்பு குடித்துவிடும்.

நம் வீடுகளில் தினமும் தரையைத் துடைப்பதால், அடிப்பலகையின் கீழே ரப்பர் புஷ் பொருத்திக் கொஞ்சம் உயர்த்துங்கள். மேசை அரை அங்குலம் உயர்ந்தால் மகள் குறை சொல்ல மாட்டாள்.

இதன்மேல் மீன் தொட்டியோ இன்வெர்ட்டர் பேட்டரியோ வைக்காதீர்கள். சமையலறைக்கு இந்தப் பலகையைக் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டியடித் தண்ணீருக்கு அது நிற்காது. இன்னொரு கதவில் கண்ணாடி இருந்தால் அதைப் பத்திரமாகக் கழற்றிச் சுவரில் மாட்டலாம். கதவையே சுவரில் தொங்கவிடாதீர்கள்.

மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஒட்டியிருக்கும் பசையின் புகை கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். துளையிடும்போதும் தூள் உள்ளே போகாதபடி முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.