சந்தா கட்டினால் எதில் எது ஓடும்? கன்சோல், பிசி கேள்வி பதில்

சந்தா சேவைகளைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. "இந்த கேம் ஓடுமா?" என்று கேட்டால் அதற்குள் இப்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மெஷினால் ஓட்ட முடியுமா, உங்கள் கணக்குக்கு அனுமதி உண்டா? முன்பெல்லாம் முதலாவது மட்டும்தான். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வகை.

கே: அண்ணா, எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ் சந்தா வைத்திருக்கிறேன். இப்போது பிசியும் வாங்கிவிட்டேன். அதே கேமை விட்ட இடத்திலிருந்து, அதே சேவோடு பிசியில் தொடரலாமா?

ப: சில கேம்களில் தொடரலாம் தம்பி. 2017 ஜூனில் கேம் பாஸ் வந்தபோது அது கன்சோலுக்கு மட்டும். பிசிக்கு 2019இல்தான் வந்தது. 2025 அக்டோபரில் திட்டங்களை மாற்றி எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று வைத்தார்கள். இந்த மூன்றிலும் கன்சோல், பிசி இரண்டுக்கும் கேம்கள் உண்டு. ஆனால் இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் ஒன்று கன்சோல் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக பிசியில் இறங்கிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது கேமின் பக்கத்தில் "எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர்" என்ற குறி இருக்கிறதா என்பதை. 2016இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. குறி இருந்தால் சேவ், அச்சீவ்மென்ட் எல்லாம் இரண்டு பக்கமும் கூடவே வரும். இல்லாவிட்டால், கேம் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் பிசியில் முதல் லெவலிலிருந்து ஆட வேண்டியிருக்கலாம். நாற்பது மணி நேரம் ஆடிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. முதலிலேயே பாருங்கள்.

கே: நான் கேம் பாஸில் ஆடுகிறேன், நண்பன் ஸ்டீம் கடையில் வாங்கியிருக்கிறான். இருவரிடமும் விண்டோஸ்தான். ஆனாலும் சேர்ந்து ஆட முடியவில்லை. ஏன்?

ப: விண்டோஸ் ஒன்றாக இருந்தாலும் கடை வேறு. ஸ்டீமில் விற்பதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதும் தனித்தனியாகத் தயாரித்த பதிப்புகள். இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது கேமைச் செய்தவர்கள் கையில் இருக்கிறது. கிராஸ்-பிளே (வேறு வேறு பதிப்புக்காரர்கள் சேர்ந்து ஆடும் வசதி) வைத்திருந்தால் சேரலாம், இல்லையென்றால் இல்லை. அப்டேட்கூட ஒரு கடையில் முதலில், இன்னொன்றில் தாமதமாக வருவதுண்டு. அந்த இடைவெளியில் நேற்று வரை சேர்ந்து ஆடியவர்கள் இன்று சேர முடியாமல் போகும். ஒரே கம்ப்யூட்டருக்குள்ளேயே "ஒத்துப்போகாத" இரண்டு பதிப்புகளை உண்டாக்கியது இந்தக் கடைப் பிரிவினைதான். என்னைக் கேட்டால், பிசியில் சந்தாவின் மிகப் பெரிய குறை இது.

மாட் (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் கோப்புகள்) போடுகிறவர்களுக்கும் இதே கதை. ஆரம்பத்தில் ஸ்டோர் கேம்களின் கோப்புறையையே பூட்டி வைத்திருந்தார்கள். பின்னர் எக்ஸ்பாக்ஸ் ஆப்பில் விருப்பமான இடத்தில் நிறுவ வழிவிட்டார்கள். ஆனாலும் ஸ்கைரிம் கேமின் பெரிய மாட்கள் பலவற்றுக்கு அடித்தளமான எஸ்கேஎஸ்இ என்ற துணை மென்பொருள், கேம் பாஸ் பதிப்பில் வேலை செய்யாது. மாட் முக்கியம் என்றால் ஸ்டீமில் வாங்கிவிடுங்கள்.

கே: சந்தாவில் வந்த கேமுக்குக் காசு கொடுத்து டிஎல்சி (கூடுதல் பகுதி) வாங்கினேன். இப்போது கேமையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிஎல்சி போச்சா?

ப: போகவில்லை, கணக்கில் இருக்கும். ஆனால் மூல கேம் இல்லாமல் திறக்காது. வாடகை வீட்டில் மாடி கட்டின கதைதான். அதே கடையில் மூல கேமை வாங்கினால் டிஎல்சியும் சேவும் மீண்டும் உயிர்பெறும். ஸ்டீமில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே வாங்கினால் இரண்டும் ஒட்டாது. கேம் வெளியேறப்போகும் அறிவிப்பு முன்கூட்டியே வரும். பட்டியலில் இருக்கும் வரை சந்தாதாரருக்குத் தள்ளுபடியும் உண்டு, வாங்குவதானால் அதற்குள் வாங்குங்கள்.

கே: சார், என்னிடம் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) டிஸ்க்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பிஎஸ்5இல் போட்டால் ஓடாது என்கிறார்கள். பிறகு சந்தாவில் மட்டும் பிஎஸ்3 கேம் எப்படி ஓடுகிறது?

ப: நல்ல கேள்வி. உங்கள் பிஎஸ்5இல் அது ஓடவே இல்லை. தொலைவில் இருக்கும் ஒரு சர்வரில் ஓடுகிறது, உங்களுக்குப் படம் மட்டும் வருகிறது. பிஎஸ்3க்குள் இருந்தது செல் என்ற விசித்திரமான பிராசஸர். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் பிசி வகையைச் சேர்ந்த எக்ஸ்86. அதனால் பிஎஸ்4 டிஸ்க்குகள் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ்5இல் ஓடுகின்றன. செல்லுக்கு எழுதியதை எமுலேட் செய்வது (புதிய மெஷினைப் பழையது போல நடிக்க வைப்பது) கடினம் என்பதால் சோனி ஸ்ட்ரீமிங் வழியில் போனது. 2014இல் பிளேஸ்டேஷன் நவ் என்று தனியாகத் தொடங்கி, 2022இல் அதை பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் பிரீமியம் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். உங்கள் டிஸ்க்குக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை.

ஹார்டுவேர்தான் முழுக் காரணம் என்று இதை ஏற்கவும் முடியவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் பிராசஸரும் பவர்பிசி என்ற வேறு வகை, அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் 2015 நவம்பரிலிருந்து மைக்ரோசாஃப்ட் எமுலேட்டர் எழுதி நூற்றுக்கணக்கான பழைய கேம்களை ஓட்டிக் காட்டியது. பழைய டிஸ்க்கைப் போட்டால் போதும், சந்தா தேவையில்லை. 2021 நவம்பரோடு புதிய கேம்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். உரிமம் கிடைப்பதும் தொழில்நுட்பமும் எல்லைக்கு வந்துவிட்டன என்றார்கள். செல்லை எமுலேட் செய்வது இன்னும் சிரமம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே வாங்கியவனுக்கு ஸ்ட்ரீமிங்கிலாவது சும்மா திறந்துவிட எந்தச் சிப்பும் தடையில்லை. அது வியாபார முடிவு.

பெட்டியை வீசிவிடாதீர்கள். பழைய பிஎஸ்3யையும்.

கே: பிளஸ்ஸில் இலவசமாக வந்த பிஎஸ்4 கேமுக்கு பிஎஸ்5 அப்கிரேடு கிடைக்குமா?

ப: வெளியிட்டவர் மனசு வைத்தால். ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் 2021 மார்ச்சில் பிளஸ்ஸில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அப்கிரேடு கொடுத்தார்கள், பிளஸ்ஸில் எடுத்தவர்களுக்கு இல்லை என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் அவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஒரே கேம், ஒரே கன்சோல், உரிமம் வந்த வழி மட்டும் வேறு.

கே: சந்தா முடிந்தால் என் சேவ் அழிந்துவிடுமா?

ப: கன்சோலில் இருப்பது அப்படியே இருக்கும். கிளவுடில், அதாவது இணையச் சர்வரில், இருப்பதுதான் கவலை. எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவ் எல்லோருக்கும் இலவசம். பிளேஸ்டேஷனிலும் நின்டெண்டோவிலும் அது சந்தாவுக்குள் அடக்கம். இன்னொரு கண்ணி: பிஎஸ்4 கேம்களின் சேவ் கோப்பை யூஎஸ்பியில் நகலெடுக்கலாம், பிஎஸ்5 கேம்களின் சேவ் கோப்பை முடியாது. சந்தா முடிவதற்குள் கிளவுடில் இருப்பதைக் கன்சோலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கே: ஸ்டீம் டெக் கையடக்க மெஷினில் கேம் பாஸ்?

ப: கிளவுட் ஸ்ட்ரீமிங் வழியாக, பிரவுசரில் மட்டும். ஸ்டீம் டெக்கில் இருப்பது லினக்ஸ் சார்ந்த ஸ்டீம்ஓஎஸ். புரோட்டான் என்ற இடைமென்பொருள் விண்டோஸ் கேம்களை அதில் ஓட்டுகிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸ் ஆப்புக்கு விண்டோஸே வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கேம் பாஸில் இருக்கும் பல கேம்களின் ஸ்டீம் பதிப்பு அதே டெக்கில் பிரமாதமாக ஓடும்.

கே: எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

ப: உங்கள் மெஷினுக்கு இருக்காது, உங்கள் உரிமத்துக்கு இருக்கும். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் சர்வர்களில் ஓடுவது கன்சோல் பதிப்பு. ஆகவே பிசி பிரவுசரில் ஆடினாலும் நீங்கள் ஆடுவது கன்சோல் கேமைத்தான், சேவும் அதன் சேவ்தான். ஜிஃபோர்ஸ் நவ் என்ற இன்னொரு கிளவுட் சேவை நேர் எதிர்: ஓடுவது பிசி பதிப்பு, நீங்கள் ஸ்டீமில் வாங்கியதையே அங்கே ஆடலாம். ஆனால் வெளியீட்டாளர் சம்மதிக்க வேண்டும். 2020இல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கேம்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. கேமை வாங்கி வைத்திருந்தவர்களும் அங்கே ஆட முடியாமல் போனது.

சேவையையே மூடுவதும் உண்டு: கூகுளின் கிளவுட் கேம் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சந்தாக் கட்டணத்தை அல்ல.

கே: கன்சோலில் ஆன்லைன் ஆடச் சந்தா கேட்கிறார்கள், பிசியில் ஏன் கேட்பதில்லை?

ப: கேட்டுப் பார்த்தார்கள். 2007இல் "கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்" என்று மைக்ரோசாஃப்ட் பிசிக்கும் கட்டணம் வைத்தது. யாரும் சட்டை செய்யவில்லை, அடுத்த ஆண்டே இலவசமாக்கிவிட்டது. பிசியில் ஒரு கதவை மூடினால் பக்கத்திலேயே பத்துக் கதவு திறந்திருக்கும். கன்சோலில் கதவே ஒன்றுதான். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு இப்போது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எதிலும் சந்தா தேவையில்லை.

கே: நின்டெண்டோவில் பழைய கேம்களைச் சொந்தமாக வாங்க வழி உண்டா?

ப: பெரும்பாலும் இல்லை. வீ கன்சோல் காலத்தில் தனித்தனியாக விற்றார்கள். அந்தக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது, வாங்கியவை ஸ்விட்சுக்கு வரவில்லை. இப்போது ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாதான். என்இஎஸ், சூப்பர் என்இஎஸ் என்ற பழைய கன்சோல்களின் கேம்கள் சாதாரணச் சந்தாவில் உண்டு. நின்டெண்டோ 64க்கு எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் சந்தா வேண்டும். கேம்கியூபுக்கு அதோடு ஸ்விட்ச் 2ம் வேண்டும். இறக்கி வைத்திருந்தாலும் 7 நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டாவிட்டால் திறக்காது. நீண்ட பயணம் போகிறீர்கள் என்றால் கிளம்புகிற அன்று ஒருமுறை இணைத்துவிட்டுப் போங்கள்.