பன்னிரண்டு கம்பி, ஆறு கடிதம்

போன மாதம், கம்பிகளை ஆறு ஜோடியாகக் கட்டிய பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைச் சுருக்கிக் கொடுக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனியின் 360/12 கிட்டார் புதுசு 38,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். படம் அசல் மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போய் உலகப் புகழ் பெற்ற மாடல் அது. இன்றும் கலிபோர்னியாவில் சாண்டா ஆனாவில்தான் செய்கிறார்கள். அமெரிக்காவிலேயே 2,000 டாலருக்கு மேல் விலை. கப்பல், வரி எல்லாம் தாண்டி உங்கள் வீட்டுக்கு 38,000-க்கு வருகிறது என்றால் அது வேறு ஏதோ மரக்கட்டை. படம் அசல் மாதிரி இருக்கிறதென்றால், படம் அசலாக இருக்கலாம்.

கேள்வி: பழைய பன்னிரண்டு கம்பி கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (கோவை)

முதலில் நான் ஏமாந்த கதை. தாம்பரத்தில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் 18,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். செர்ரிச் சிவப்பு, கண்ணைப் பறித்தது. கம்பி ஆறுதான் இருந்தது. "மீதி ஆறும் அறுந்துபோச்சு சார், போட்டுக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பன்னிரண்டையும் மாட்டிச் சுருதி ஏற்ற ஏற்ற, நெக் (விரல் ஓடும் நீளக் கழுத்து) வில்லாக வளைந்தது. ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கு) மேல் கம்பியை அழுத்த இரண்டு கை வேண்டும். சரி, டிரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடி வளைவை நிமிர்த்தும் இரும்புக் கம்பியை, முறுக்கலாம் என்று மூடியைக் கழற்றினால், அதன் திருகு நட்டு ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியாயிற்று. அது எனக்கு முன்பே நாலு பேரை ஏமாற்றிய கிட்டார்.

கணக்கு இதுதான். 10-ஆம் நம்பர் (நம்பர் என்பது கம்பித் தடிமன்) செட்டில் ஆறு கம்பி நெக்கை இழுப்பது கிட்டத்தட்ட 45 கிலோ. பன்னிரண்டு என்றால் 90 கிலோவுக்குப் பக்கம். ஆறு கம்பியோடு நேராகத் தெரியும் நெக் எதற்கும் சாட்சி இல்லை. ஆகவே பன்னிரண்டும் மாட்டி, முழுச் சுருதியில், குறைந்தது ஒரு ராத்திரி இருந்த கிட்டாரைத்தான் பாருங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். உரசியும் உரசாமலும் போனால் நல்லது. இரண்டு மூன்று கார்டு சேர்ந்து போனால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டிரஸ் ராட் நட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் திரும்புகிறதா என்றும் கேளுங்கள். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் அதுவும் பதில்தான்.

இன்னொன்று, தனிநபரிடம் வாங்கினால் பின்னால் நுகர்வோர் ஆணையத்தை நம்ப முடியாது. அவர் வியாபாரி இல்லை.

கேள்வி: கல்லூரி மாணவன். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த 27,500 ரூபாயில் கடையில் புதிதாக வாங்கினேன். கடைசி ஜோடிக் கம்பி ஃபிரெட் போர்டு விளிம்பைத் தாண்டி வழுக்கி விழுகிறது. கடையில் 'பன்னிரண்டு கம்பி என்றால் அப்படித்தான்' என்கிறார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. வாங்கி 12 நாள் ஆகிறது. (மதுரை)

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கும் கடைசிக் கம்பிக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நட்டில், அதாவது நெக் தலைப்பில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையில் (திருகு நட்டு வேறு), பள்ளம் தப்பாக வெட்டியிருக்கிறார்கள். குறை உங்கள் விரலில் இல்லை.

அந்த அச்சடித்த வரிக்கு வருகிறேன். ஜவுளிக் கடை முதல் மிக்ஸி கடை வரை இந்த ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் இதைக் காட்டட்டும், சரி. பழுதான பொருளை விற்றுவிட்டு இதைக் காட்டுவது என்ன நியாயம்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுத்தால் அது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது, போனில் பேசிக் கழிக்காதீர்கள். இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்: மாற்றித் தாருங்கள், அல்லது உங்கள் செலவில் புது நட் போட்டுத் தாருங்கள், அல்லது பணம். ஸ்கேலோடு எடுத்த படத்தை இணையுங்கள். கிட்டார் பழுது பார்ப்பவர் யாரிடமாவது 'நட் தவறு' என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான கடைகள் எழுத்தில் கடிதம் போனதுமே இறங்கி வந்துவிடும். முடிவை எனக்கு எழுதுங்கள்.

அதுவரை நீங்களே அரம் எடுத்து நட்டை ராவ வேண்டாம். ராவினால் கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: மூன்றாவது ஜோடியில் மெல்லிய கம்பி மாதம் ஒன்று அறுகிறது. கம்பி தரமில்லையா? (திருச்சி)

கம்பியைத் திட்டாதீர்கள். கீழ்ச்சுருதி நாலு ஜோடியிலும் ஒன்று தடித்தது, ஒன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. அதில் மூன்றாவது ஜோடியின் இந்த மெல்லிய ஜி சுரக் கம்பி, உங்கள் முதல் கம்பியைவிடவும் உயரச் சுருதி. பாவம், அதன் தலையில்தான் அத்தனை இழுப்பும். 9-ஆம் நம்பர் போட்டிருந்தால் 8 போடுங்கள். எந்த இடத்தில் அறுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் பிரிட்ஜ் (உடலில் கம்பி முடியும் இடம்) பக்கமே என்றால் சேடிலில் (அங்கே கம்பி உட்காரும் துண்டில்) பிசிறு இருக்கிறது, மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. நட் பக்கம் என்றால் பள்ளத்தில் பென்சில் கரி தடவுங்கள். அப்படியும் அறுந்தால் எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கி, முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி வாசியுங்கள். யாருக்கும் தெரியாது.

கேள்வி: 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பி சுருதி சுத்தம், கூட இருக்கும் மெல்லியது இறங்கிப் பேசுகிறது. வீடியோ பார்த்து டிரஸ் ராடை இரண்டு முழுச் சுற்று முறுக்கினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. இன்னும் சரியாகவில்லை. (புதுச்சேரி)

ஐயா, சுருதிக் கோளாறுக்கு டிரஸ் ராடை முறுக்கச் சொன்ன அந்த வீடியோ எது? கால் சுற்று முறுக்கிவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுற்று! உடனே கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அந்த 'டக்' எது என்று கடிதத்தில் பார்த்துச் சொல்ல எனக்கு வித்தை தெரியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் பிரிட்ஜில் ஜோடிக்கு ஒரு சேடில், மொத்தம் ஆறுதான். தடித்ததற்கும் மெல்லியதற்கும் வேண்டிய நீளம் வேறு வேறு. ஒரே சேடில் இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க முடியாது. தடித்ததற்குச் சரியாக வைத்துவிட்டு, ஒரு முடியளவு நெக் பக்கம் நகர்த்துங்கள். பாதிப் பாவம் இதற்கு, பாதி அதற்கு. முழுச் சுத்தம் வேண்டுமானால் பன்னிரண்டு சேடில் பிரிட்ஜ் வேண்டும். ஃபெண்டர் 1965-லேயே எலெக்ட்ரிக் ட்வெல்வ் மாடலில் அப்படித்தான் கொடுத்தார்கள். வீணை வாங்கினால் மேளம் கட்டியது (மெழுகில் மெட்டுகளைப் பதித்தது) யார் என்று விசாரிக்கிறோம், கிட்டாரில் மட்டும் நிறத்தைப் பார்க்கிறோம். நான் உட்பட.

கேள்வி: வெண்கலக் கம்பி விலை குறைவாகக் கிடைத்தது, பன்னிரண்டும் மாட்டிவிட்டேன். ஆம்ப்பில் சத்தம் ஏறமாட்டேன் என்கிறது. பிக்கப் போய்விட்டதா? (ஈரோடு)

பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) ஒரு காந்தம். வெண்கலம் காந்தத்துக்குப் பிடிபடாது. கழற்றிவிட்டு நிக்கல் செட் வாங்குங்கள், இந்த முறை உறையில் 'எலெக்ட்ரிக்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு.