ரஷ்யாவின் ராங்கல் தீவில் ஆளே கிடையாதாமே, அப்புறம் என்னதான் இருக்கிறது?

ஆளே இல்லை என்று சொல்ல முடியாது, காவலர்கள், ராணுவத்தினர் என்று கொஞ்சம் பேர் உண்டு. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் ஏறக்குறைய 7,600 சதுர கிலோமீட்டர் மலையும் துந்திரப் புல்வெளியும், 180 பாகை தீர்க்கரேகை குறுக்கே ஓடுகிறது. பெரும்பாலான இடங்களில் மம்மூத் என்ற பழங்கால ரோம யானைகள் அழிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தும், எகிப்தில் பிரமிடுகள் எழும்பிய பிறகும்கூட, இங்கே ஒரு சிறு கூட்டம் உயிரோடு இருந்தது. கடைசியானது செத்துச் சுமார் 4,000 வருஷம்தான் ஆகிறது.

பனிக்கரடிகள் குட்டி போட வருவதும் வால்ரஸ்கள் கரையேறுவதும் எல்லாரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்தது பனி வாத்துகளின் சாமர்த்தியம்: முட்டை திருடும் ஆர்க்டிக் நரியைப் பனி ஆந்தை தன் கூட்டருகே அண்டவிடாமல் பாய்ந்து விரட்டும், வாத்துகள் அந்த ஆந்தைக்குப் பக்கத்திலேயே கூடு கட்டிக்கொள்ளும். ஆந்தையின் இரையான லெம்மிங் எலிகள் குறைந்த வருஷம் ஆந்தை முட்டையே இடாது, அப்போது வாத்துகள் பாடு திண்டாட்டம்தான்.